விடை திரும்பி வந்ததா?

கண்டி நகருக்குத் தெற்கே எழும் ஹந்தானை மலையின் அடியில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே மலையின் மடிப்புகளில் ஏறிப் போனால் தேயிலைத் தோட்டங்கள், லயன்கள். 2020 மார்ச் நடுப்பகுதியில் கொவிட் காரணமாக நாட்டின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, பேராதனையைத் தளமாகக் கொண்ட ‘லேர்ன்’ என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு வெகு விரைவாக அரச பல்கலைக்கழகங்களுக்கு ஸூம் வசதியைச் செய்து கொடுத்தது. தொலைபேசி நிறுவனங்களும் அந்த வலையமைப்பின் வழியே போகும் டேட்டாவுக்கு மாணவரிடம் காசு வாங்கவில்லை. மலையின் மேலே இருந்த பிள்ளைக்கோ படிப்பு வட்ஸ்அப் குழுவில் வந்தது. வீட்டில் ஸ்மார்ட் கைபேசி இருந்தால், அதற்கு ரீலோட் போட்டிருந்தால், அப்பா அதை வேலைக்கு எடுத்துப் போகாமல் இருந்தால், அன்றைக்குச் சிக்னலும் கிடைத்தால் பாடம் கைக்கு எட்டும். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி அந்த நாட்களிலேயே நிறைய எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் எட்டிய பாடத்தால் பிள்ளை என்ன கற்றது என்ற கேள்வியை மிகச் சிலரே கேட்டார்கள். தொலைவிலிருந்து கொடுக்கும் கல்வி உதவியை, நாம் எவ்வளவு அனுப்பினோம் என்று எண்ணி மதிப்பிடக் கூடாது. பிள்ளையிடமிருந்து என்ன திரும்பி வந்தது என்று பார்த்தே மதிப்பிட வேண்டும் என்பது என் வாதம். பாடசாலை மூடப்படுவது ஒரு முறை வந்து போன விபத்தாக இருந்திருந்தால் இதை இப்போது கிளற வேண்டியதில்லை. 2022 இல் எரிபொருள் இல்லாமல் மூடினோம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகளாலும் வெள்ளத்தாலும் மூடினோம்.

கொவிட் காலத்தில் அனுப்பியது குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் ஏறின. ‘குருகெதர’ நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வந்தது. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் ஒளிபரப்பாகின. ஆசிரியர்கள் செயலட்டைகளைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினார்கள். பலர் டேட்டாவுக்குத் தங்கள் சொந்தக் காசைப் போட்டார்கள். பாடசாலைகள் 2020 இல் திறப்பதும் மூடுவதுமாக இழுபட்டன. 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடி மூடியவை ஒக்டோபர் 21 இல்தான், அதுவும் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவிலிருந்து, படிப்படியாகத் திறந்தன. இடையில் அந்த ஆண்டு ஜூலை முதல் ஏறத்தாழ மூன்று மாதம், சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றன. வாங்கும் கைகளின் நிலையும் தெரிந்ததுதான். கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் (பேராதனையின் ‘லேர்ன்’ வேறு, இது வேறு) கொவிட்டுக்கு முன் எடுத்த கணிப்பின்படி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்த வீடுகளில் 48 சதவீதத்தில்தான் ஸ்மார்ட் கைபேசியோ கணினியோ இருந்தது. இணைய இணைப்பு 34 சதவீதத்தில்தான் இருந்தது. இவை நாட்டின் சராசரி. தெல்தோட்டை, கலஹா, றங்கலை, மடுல்கலை போன்ற இடங்களின் தோட்டப் பாடசாலைகளில் நிலைமை சராசரிக்குக் கீழே என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கேதான் ஒரு வழுக்கல் நேர்கிறது. கருவியும் இணைப்பும் இல்லாததுதான் பிரச்சினை என்றால், கருவியும் இணைப்பும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட வேண்டும். நெதர்லாந்தில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இணையம் உண்டு. அங்கே 2020 இல் எட்டு வாரம் மட்டுமே பாடசாலைகள் மூடின. பிள்ளைகளின் தேசியத் தேர்வுப் புள்ளிகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் கண்டது, ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இழப்பு. ஆண்டின் ஐந்தில் ஒரு பங்கு என்பது கிட்டத்தட்ட அந்த எட்டு வாரமேதான். அதாவது, வேகமான இணையத்தோடு வீட்டிலிருந்து படித்த காலத்தில் சராசரிப் பிள்ளை ஏறக்குறைய ஒன்றும் முன்னேறவில்லை. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் இடைநிலை மாணவர்களை ஆராய்ந்தவர்கள், வகுப்பறையில் கற்றிருக்கக் கூடியதில் 27.5 சதவீதத்தை மட்டுமே தொலைவழியில் கற்றார்கள் என்று கணித்தார்கள். நம் நாட்டில் பெருந்தொற்றுக்குப் பின் யுனிசெஃப் ஆதரவுடன் மூன்றாந்தர மாணவரிடையே நடந்த தேசிய மதிப்பீட்டில், எழுத்தறிவில் 34 வீதமானோரும் எண்ணறிவில் 7 வீதமானோரும் மட்டுமே குறைந்தபட்சத் தேர்ச்சியைத் தொட்டிருந்தார்கள். இந்த 7 என்ற எண்ணைக் கண்டு மனம் பதறத்தான் செய்யும். ஆனால் அது காயத்தின் ஆழத்தைச் சொல்கிறதே தவிர, தொலைக்காட்சி உதவியதா, வட்ஸ்அப் உதவியதா, கையில் கொடுத்த செயலட்டை உதவியதா என்பதைச் சொல்லவில்லை.

அதைக் கண்டுபிடிப்பது நினைக்கும் அளவுக்கு எளிதல்ல. கட்டுகஸ்தோட்டைக் கல்வி வலயத்தில் வட்ஸ்அப் பாடங்களைத் தவறாமல் பார்த்த பிள்ளைகளையும் பார்க்காத பிள்ளைகளையும் அழைத்து ஒரு பரீட்சை வைத்ததாக எண்ணிக்கொள்வோம். பார்த்தவர்கள் நிச்சயம் கூடுதலாகப் புள்ளி எடுப்பார்கள். உடனே வட்ஸ்அப் பாடம் வெற்றி என்று சொல்லிவிடலாமா? தவறாமல் பார்த்த பிள்ளையின் வீட்டில் நல்ல கைபேசி இருக்கிறது. பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கப் படித்த அம்மா இருக்கிறார். பெரும்பாலும் ரியூஷனும் இருக்கிறது. வட்ஸ்அப் குழு என்ற ஒன்று இல்லாமலே அந்தப் பிள்ளை முன்னே நின்றிருக்கும். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு நேர்மையான வழி உண்டு. ஒரே மாதிரியான குடும்பங்களின் பட்டியலை எடுத்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரு பகுதிக்கு உதவியைக் கொடுத்து, மறு பகுதிக்கு அப்போதைக்குக் கொடுக்காமல், கடைசியில் இரு பகுதியினரையும் ஒரே கேள்விகளால் சோதிப்பது. குலுக்கலில் பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழுவார்கள். பிறகு தெரியும் வேறுபாடு உதவியால் வந்தது என்று நம்பலாம்.

பொட்ஸ்வானாவில் இதைச் செய்து பார்த்தார்கள். 2020 இல் பாடசாலைகள் மூடப்படப் போகின்றன என்றதும் யங் லவ் என்ற அமைப்பு ஆரம்பப் பாடசாலைகளில் பெற்றோரின் தொலைபேசி எண்களை அவசரமாகத் திரட்டியது. ஏறத்தாழ 4,500 குடும்பங்களைக் குலுக்கலில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வாரந்தோறும் சில கணக்குகள் குறுஞ்செய்தியாகப் போயின. இன்னொரு பகுதிக்குக் குறுஞ்செய்தியோடு 15 முதல் 20 நிமிட அழைப்பும் போனது; பெற்றோர் கைபேசியை ஒலிபெருக்கியில் போட, பயிற்றுநர் பிள்ளையோடு பேசி ஒரு கணக்கைச் செய்யவைத்தார். மூன்றாவது பகுதிக்கு எதுவும் போகவில்லை. ஸ்மார்ட் கைபேசி தேவைப்படவில்லை; பழைய பொத்தான் கைபேசியே போதுமாக இருந்தது. முடிவில், வெறும் குறுஞ்செய்தி பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அழைப்பும் பெற்றவர்கள் 0.12 நியம விலகல் முன்னேறியிருந்தார்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக இசட் புள்ளியைப் பார்த்துப் பழகிய இலங்கைப் பெற்றோருக்கு இந்த அலகைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை ஏறத்தாழ ஐந்து பேரைத் தாண்டி முன்னே போவதாக வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு சிறிய அழைப்பு, எட்டு வாரம். செலவோடு சேர்த்துப் பார்த்தால் இது சின்ன விஷயமல்ல. பின்னர் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகண்டா ஆகிய ஐந்து நாடுகளில் 16,000 க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதே முறையைச் சோதித்தபோது அழைப்பின் பலன் 0.30 முதல் 0.35 வரை உயர்ந்தது. பங்களாதேஷில் பல்கலைக்கழக மாணவர் தொண்டர்களாக முன்வந்து, கிராமத்து ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளை வாரத்துக்கு அரை மணி நேரம், 13 வாரம் அழைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே முன்னேற்றம் 0.75. பேராதனையில் பல்லாயிரம் மாணவர் லயன்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்து படிக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே கணக்கு குறுஞ்செய்தியில் போனபோது பயன்படாமல், குரலில் போனபோது மட்டும் ஏன் பயன்பட்டது? குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்ததோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அழைப்பில் ஒருவர் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பிள்ளை தடுமாறினால் அந்த மௌனமே ஆசிரியருக்கு ஒரு செய்தி. 43 இலிருந்து 17 ஐக் கழிக்கச் சொன்னால் 34 என்று விடை வந்தால், பிள்ளை பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறது, கடன் வாங்கத் தெரியவில்லை என்பது அந்தக் கணத்திலேயே புரிந்துவிடும். நேத்ராவில் பாடம் நடத்தும் ஆசிரியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இந்த 34 அவர் காதுக்கு எட்டாது. இதை நம் மலைகள் ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்தன. கம்பளைக்கு அப்பால் கொத்மலையில் இயங்கிய சமூக வானொலி, 1990 களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தை ஊருக்குக் கொண்டுவந்தபோது, வீட்டுக்கு வீடு கணினி கொடுக்க முனையவில்லை. நேயர்கள் கேள்வி அனுப்பினார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் இணையத்தில் தேடிப் பார்த்து, விளங்கும் மொழியில் வானொலியில் விடை சொன்னார்கள். அந்த ஏற்பாட்டின் உயிர் கேட்பவரிடமிருந்து நிலையத்துக்கு ஒரு பாதை திறந்திருந்ததில் இருந்தது. 2020 இல் நாம் ஒளிபரப்பைப் பெருக்கினோம், அந்தப் பாதையைத் திறக்க மறந்துவிட்டோம்.

தொலைபேசி அழைப்பு எல்லா இடத்திலும் பலித்ததா என்று கேட்டால், இல்லை. சியரா லியோனில் வானொலிப் பாடங்களோடு சேர்த்து ஆசிரியர்கள் வாராவாரம் பிள்ளைகளை அழைத்துக் கற்பித்தார்கள். கணிதத்திலும் மொழியிலும் புள்ளிகள் உயரவில்லை. கென்யாவில் நடந்த இன்னொரு சோதனையிலும் அழைப்புகளால் தேர்ச்சி கூடவில்லை. இவற்றைக் காட்டி, தொலைபேசியும் வீண்தானே என்று ஒருவர் சொன்னால் அவருடைய தயக்கம் நியாயமானது. நான் இந்த முடிவுகளை வேறு விதமாக வாசிக்கிறேன். சியரா லியோனில் அழைப்பு பெற்ற பிள்ளைகள் படிப்பில் ஈடுபட்டது கூடியிருந்தது. எத்தனை அழைப்பு போனது, எத்தனை பிள்ளைகள் பங்கெடுத்தார்கள் என்று மட்டும் பதிந்திருந்தால் அந்தத் திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிக்கை எழுதியிருப்பார்கள். அடுத்த நெருக்கடியிலும் அதையே செய்திருப்பார்கள். பிள்ளையின் விடையையும் சோதித்ததால்தான் ஈடுபாடு கூடியும் கற்றல் நகரவில்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு நாட்டில் பலித்தது இன்னொரு நாட்டில் பலிக்காமல் போகலாம். ஆகவே பொட்ஸ்வானாவின் முறையை அப்படியே தெல்தோட்டைக்குத் தூக்கி வருவதற்கும் நான் ஆதரவளிக்கவில்லை. தெல்தோட்டையில் அளந்து பார்க்காமல் அது பலித்ததென்றும் சொல்லக் கூடாது, பலிக்கவில்லையென்றும் சொல்லக் கூடாது.

குலுக்கலுக்கு ஒரு தார்மீக எதிர்ப்பு உண்டு. நெருக்கடியில் தவிக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு உதவியை நிறுத்திவைத்துப் பரிசோதனை செய்வதா? எல்லோருக்கும் கொடுக்க வசதி இருந்தும் நிறுத்திவைத்தால் அது பிழைதான். ஆனால் நடப்பது என்ன? ஆள் போதாது, காசு போதாது என்று எப்போதும் சிலருக்கு மட்டுமே உதவி கிடைக்கிறது. யாருக்குக் கிடைக்கிறது என்பதை வீதிக்கு அருகில் இருப்பதும், தெரிந்தவர் இருப்பதும், சிக்னல் கிடைப்பதும் தீர்மானிக்கின்றன. அதைவிடக் குலுக்கல் நேர்மையானது. முதற் சுற்றில் விடுபட்டவர்களுக்கு இரண்டாம் சுற்றில் கொடுப்பதாக அமைத்தால் எந்தப் பிள்ளையும் நிரந்தரமாக இழக்காது. பலன் இல்லாத ஒன்றை எல்லோருக்கும் கொடுத்து, கொடுத்துவிட்டோம் என்று மன ஆறுதல் அடைவதில்தான் பெரிய அநியாயம் இருக்கிறது.

ஆசிரியர்களின் சுமை பற்றிய எதிர்ப்பை இலேசாகத் தள்ள முடியாது. 30 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஆளுக்கு 20 நிமிடம் என்றால் வாரத்துக்கு 10 மணி நேரம். வழக்கமான நேரசூசியைவிட இது குறைவு, ஆனால் இலவசமல்ல. அழைப்புச் செலவை ஆசிரியரின் பையிலிருந்து எதிர்பார்ப்பது அடாத செயல். 2021 இன் கசப்புக்குப் பிறகு அதைச் சொல்லாமல் எந்தத் திட்டமும் போட முடியாது. ஐந்து நாட்டு ஆய்வில் அரச ஆசிரியர்கள் அழைத்தபோதும் தொண்டு நிறுவனப் பயிற்றுநர் அழைத்தபோதும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்பது நமக்கு முக்கியம். வெளியிலிருந்து ஆள் கொண்டுவரத் தேவையில்லை. தோட்டத்தில் நேரத்தையும் பார்க்க வேண்டும். காலையில் அம்மா கொழுந்து பறிக்கப் போயிருப்பார், கைபேசி அப்பாவிடம் இருக்கும். மாலையில்தான் அந்த வீட்டை அழைக்க முடியும். கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கையில் இந்த நேரம் வராது. அந்தப் பாடசாலையின் அதிபருக்குத்தான் அது தெரியும்.

பாடசாலை திறந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்குப் பாகிஸ்தானின் அனுபவம் பதில் சொல்கிறது. 2005 ஒக்டோபர் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட பகுதிகளில் பாடசாலைகள் ஏறத்தாழ 14 வாரம் மூடியிருந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, நிலப்பிளவுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள் ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். 14 வாரம் ஒன்றரை ஆண்டாக வளர்ந்தது எப்படி என்பதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம், திறந்த பிறகு வகுப்பு பாடத்திட்டத்தோடு ஓடிவிட்டது, பிள்ளை விட்ட இடத்திலேயே நின்றுவிட்டது என்பதுதான். தமிழ்நாடு இதற்கு மாறாக நடந்துகொண்டது. 2021 ஒக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் தெருப் பிள்ளைகளை மாலையில் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வாளர்கள், இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்துக்குள் மீட்கப்பட்டதாகவும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்ததாகவும் கண்டார்கள். ஓர் அரசு இப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், பிள்ளைகளை முன்னும் பின்னும் சோதித்த தரவு கையில் இருந்தது. நம்மிடம் மூன்றாந்தர மதிப்பீட்டின் 34 உம் 7 உம் இருக்கின்றன, எதனால் எவ்வளவு மீண்டோம் என்ற கணக்கு இல்லை.

டிட்வா இன்னொன்றையும் காட்டியது. 2020 மார்ச் இறுதியில் அக்குறணை முழுவதும் முடக்கப்பட்டபோது தாளைக் கொண்டுபோக வழியில்லை, தொலைபேசி இருந்தது. 2025 நவம்பர் 28 க்குப் பின் கண்டி மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின; உயர் தரப் பரீட்சையே நடுவில் நின்றது. அத்தகைய நாட்களில் தாளும், நடந்து போகக் கூடிய தூரத்தில் இருக்கும் படித்த ஒருவருமே உதவி. எனவே ஒரே ஒரு வழியைப் பிடித்துத் தொங்காமல், கண்டி மாவட்டத்தின் ஆறு கல்வி வலயங்களும் இரண்டையும் ஆயத்தமாக வைத்திருக்கலாம். பாடசாலை திறந்திருக்கும் காலத்திலேயே, ஒரு நீண்ட விடுமுறையில், சில பாடசாலைகளில் குலுக்கிப் போட்டுச் சோதித்தும் பார்க்கலாம். பெரிய செலவு எதுவும் வேண்டாம். அழைக்கும் ஆசிரியரின் படிவத்தில் அழைத்தாரா, எத்தனை நிமிடம் என்ற நிரல்களுக்கு அருகே இன்னொரு நிரல் வேண்டும்: கேட்ட கணக்கு, பிள்ளை சொன்ன விடை, பிழையானாலும் சொன்னபடியே. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 2020 இலும் 2021 இலும் வட்ஸ்அப் குழுக்களுக்காக வகுப்பு வகுப்பாகத் திரட்டிய பெற்றோரின் எண்கள் பாடசாலைகளில் இன்னும் இருக்கும். அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது மேல் வகுப்புகளில், சிலர் பாடசாலையை விட்டே போயிருப்பார்கள். கைபேசி மாறியிருக்கும், எண் மாறியிருக்கும், தகப்பன் கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார். அந்தப் பட்டியலை எடுத்து, இந்தத் தவணைக்குள், ஒவ்வொரு எண்ணாக அழைத்துப் பார்க்க வேண்டும்.